சர்வரில் நெட்வொர்க் கார்டு தென்படாமை

கணினியில் பொருத்தியிருக்கும் நெட்வொர்க் கார்டு இயங்குதளத்தின் கண்ணில் படாமல் போகும் பழுது இது. வன்பொருள் தொழிலில் இருப்பவர்கள் 'கார்டு டிடெக்ட் ஆகவில்லை' என்பார்கள். கேபிள் விட்டுப்போவதும் ஐபி முகவரி கிடைக்காமல் போவதும் இதிலிருந்து வேறானவை. அவற்றில் கார்டு பட்டியலில் இருக்கும், இணைப்புதான் இருக்காது. இந்தப் பழுதில் கார்டே பொருத்தாதது போல் கணினி நடந்துகொள்ளும்.

வீட்டுக் கணினியில் இது ஒரு மாலை நேரத் தொல்லையோடு முடிந்துவிடும். சர்வரில் அப்படியல்ல. காஞ்சிபுரம் காந்தி சாலையில் ஒரு பட்டுக்கடையை எடுத்துக்கொள்ளலாம். பில் போடும் கணினிகள் எல்லாம் பின்னறையில் இருக்கும் ஒரே சர்வரைத்தான் நம்பியிருக்கும். சேலையின் இருப்பு, நெசவாளருக்குக் கொடுத்த பாவு, பட்டு, சரிகைக் கணக்கு எல்லாம் அதற்குள் இருக்கும். மற்ற வணிகர்களுக்கு விற்கும் சரக்குக்கு மின் விலைப்பட்டியல் எடுப்பது ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். அதற்கு இணையம் வேண்டும். முகூர்த்த நாளை ஒட்டிய கூட்டத்தில் இந்த ஒரு கார்டு காணாமல் போனால் கடை முழுவதும் கையால் எழுதும் பில்லுக்குத் திரும்பிவிடும். அந்த அவசரத்தில்தான் தவறான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அவற்றில் மோசமானது, காரணம் தெரியும் முன்பே இயங்குதளத்தை அழித்து மறுபடி நிறுவுவது.

பஸ்ஸில் தெரிகிறதா?

இந்தப் பழுதில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: மதர்போர்டின் பிசிஐ பஸ்ஸில் கார்டு தெரிகிறதா இல்லையா? விடை 'இல்லை' என்றால் கோளாறு ஸ்லாட்டிலோ மின்சாரத்திலோ பயாஸிலோ கார்டிலேயோ இருக்கிறது. மென்பொருளில் என்ன செய்தாலும் பயனில்லை. 'ஆம்' என்றால் பெட்டியைத் திறக்க அநேகமாகத் தேவையே இருக்காது.

பிசிஐ முறையில் ஒவ்வொரு கார்டும் தன்னைப் பற்றிய குறிப்பை ஒரு சிறு நினைவகப் பகுதியில் வைத்திருக்கும். அதன் முதல் நான்கு பைட்டில் இரண்டு எண்கள் உள்ளன. ஒன்று தயாரிப்பாளரைச் சொல்லும், மற்றது கார்டின் வகையைச் சொல்லும். கணினி உயிர்பெறும்போது பயாஸ் ஒவ்வோர் இடமாகப் போய் இந்த எண்ணைப் படிக்கிறது. அங்கே கார்டு இல்லையென்றால், அல்லது இருந்தும் பதில் சொல்லவில்லை என்றால், படித்த பிட்டுகள் எல்லாம் 1 என்றே வரும். அந்த இடம் காலி என்று எழுதிவிட்டுப் பயாஸ் நகர்ந்துவிடும். இறந்த கார்டுக்கும் இல்லாத கார்டுக்கும் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. பழுது பார்ப்பவருக்கு இது தெரிந்திருந்தால் வீண் தேடல் பாதி குறையும்.

லினக்ஸில் இந்தப் பட்டியலைக் காட்டும் கட்டளை எல்எஸ்பிசிஐ. அதனுடன் -என்என்கே என்று சேர்த்தால் எண்களும், எந்த டிரைவர் கார்டைப் பிடித்திருக்கிறது என்பதும் சேர்ந்தே வரும். இன்டெல்லின் தயாரிப்பாளர் எண் 8086. அந்நிறுவனம் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் எண்ணையே தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. ஐ350 வகைக் கார்டு 8086:1521 என்று வரும். விண்டோஸ் சர்வரில் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பண்புகளைத் திறந்து 'ஹார்டுவேர் ஐடி' பகுதிக்குப் போனால் இதே எண்கள் கிடைக்கும். பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பி டிரைவர் தேடுவதைவிட இந்த எண்ணைக் கொண்டு தேடுவதே சரி. ஒரே பெயரில் இரண்டு மூன்று வகைச் சில்லுகளை விற்கும் வழக்கம் உண்டு.

ஸ்லாட்டும் மின்சாரமும்

எண் வரவில்லை என்றால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். அதற்கு முன் பயாஸில் ஒரு பார்வை போதும். போர்டோடு வரும் லேன் போர்ட்டும் தனித்தனி ஸ்லாட்டுகளும் அங்கே அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். போர்டின் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் ஆதி நிலைக்குப் போன பிறகு இப்படி நேர்வதுண்டு.

இரண்டு செயலிகள் பொருத்தக்கூடிய சர்வர்களில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அவற்றில் சில ஸ்லாட்டுகள் முதல் செயலிக்கும் மற்றவை இரண்டாம் செயலிக்கும் இணைக்கப்பட்டிருக்கும். செலவு மிச்சம் என்று ஒரே செயலியோடு வாங்கினால் இரண்டாம் செயலியைச் சேர்ந்த ஸ்லாட்டுகளுக்கு உயிரே இருக்காது. கார்டு நன்றாகவே இருக்கும், எந்த இயங்குதளத்திலும் தெரியாது. மதர்போர்டு கையேட்டிலும் பெட்டி மூடியின் உள்பக்கப் படத்திலும் எந்த ஸ்லாட் யாருடையது என்று போட்டிருப்பார்கள்.

அடுத்தது தேங்கிய மின்சாரம். வலையமைப்பிலிருந்து வரும் அழைப்பில் கணினியை எழுப்பும் வசதி இருப்பதால், சர்வரை அணைத்த பின்னும் கார்டுக்கு 3.3 வோல்ட் துணை மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். கார்டின் சில்லு குழம்பி நின்றுவிட்டால் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அந்தக் குழப்பம் தீராது. பவர் கேபிளையே பிடுங்க வேண்டும். சர்வரில் பெரும்பாலும் இரண்டு பவர் சப்ளை இருக்கும், இரண்டையும் பிடுங்க வேண்டும். பிறகு பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, ஓரிரு நிமிடம் விட்டு, மறுபடி இணைக்க வேண்டும். எளிமையான இந்த வேலையை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்துவிடுவது நல்லது.

கார்டைக் கழற்றி மாட்டும்போது அதன் விளிம்பில் இருக்கும் பொன்னிறப் பட்டைகளைக் கவனிக்க வேண்டும். பென்சில் அழிக்கும் ரப்பரால் அவற்றைத் தேய்க்கும் பழக்கம் சர்வீஸ் கடைகளில் ஊறிப்போனது. சரிகையில் வெள்ளி இழைமேல் தங்கம் எவ்வளவு மெல்லியதாக ஏறியிருக்கிறதோ அதுபோலத்தான் இங்கேயும்: செம்பின்மேல் நிக்கல், நிக்கலின்மேல் ஒரு மெல்லிய தங்கப் பூச்சு. தேய்க்கத் தேய்க்கப் பூச்சு போய்விடும், ரப்பர்த் துகளும் ஸ்லாட்டுக்குள் சேரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த நார் உதிராத துணியால் துடைத்தாலே போதும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இடி மின்னலால் வரும் பழுதுகள் தனி வகை. முன்னால் கடை, பின்னால் வீடு அல்லது கிடங்கு, நடுவில் மொட்டைமாடி வழியே திறந்த வெளியில் போகும் செம்பு லேன் கேபிள் என்ற அமைப்பு பழைய தெருக்களில் இயல்பு. பக்கத்தில் எங்கோ விழும் மின்னலும் அந்தக் கேபிளில் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். அடி சிறிதாக இருந்தால் ஒரு போர்ட் மட்டும் போகும், கார்டு பட்டியலில் இருக்கும். பெரிதாக இருந்தால் சில்லே எரிந்து பஸ்ஸிலிருந்து கார்டு மறைந்துவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் கேபிள் போடுவதே இதற்கு நிலையான தீர்வு. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

கோளாறு கார்டிலா ஸ்லாட்டிலா என்று முடிவுசெய்ய ஒரே வழி மாற்றிப் பார்ப்பது. அதே கார்டை வேறு கணினியிலும், வேறு நல்ல கார்டை அதே ஸ்லாட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது.

டிரைவரும் ஃபர்ம்வேரும்

எண் வருகிறது, ஆனால் 'பயன்பாட்டில் உள்ள டிரைவர்' என்ற வரி இல்லை என்றால் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அந்தக் கார்டைத் தெரியவில்லை என்று பொருள். புதிய வன்பொருளில் பழைய இயங்குதளத்தைப் போடும் இடங்களில் இதுவே வழக்கமான காரணம். ரியல்டெக்கின் 2.5 கிகாபிட் சில்லான ஆர்டிஎல்8125-க்கான ஆதரவு லினக்ஸ் கெர்னல் 5.4-இல், 2019 நவம்பரில்தான் வந்தது. 3.10 வரிசைக் கெர்னலோடு வந்த சென்ட்ஓஎஸ் 7-ஐ அப்படிப்பட்ட போர்டில் நிறுவினால் லேன் இருக்காது. சென்ட்ஓஎஸ் 7-க்கான பராமரிப்பும் 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. ஆகவே டிரைவரைத் தனியே தொகுத்து ஒட்டுவதைவிட இயங்குதளத்தைப் புதுப்பிப்பதே நெடுநாளைக்கு நல்லது.

விண்டோஸ் சர்வரில் கதை கொஞ்சம் வேறு. மேசைக் கணினிகளுக்கென்று விற்கப்படும் ஐ219-வி போன்ற இன்டெல் சில்லுகளின் டிரைவர் கோப்பில் சர்வர் பதிப்பின் பெயரே இருக்காது. அதனால் டிரைவர் கையில் இருந்தும் நிறுவ மறுக்கும். மேசைக் கணினியையே சர்வராக வைத்துக்கொள்ளும் சிறு கடைகள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ-யிலும் இதே வகைச் சிக்கல் உண்டு. 5.5 பதிப்பில் ரியல்டெக் டிரைவர்கள் விடுபட்டன. 2020-இல் வந்த 7.0, பழைய லினக்ஸ் வகை டிரைவர்கள் எல்லாவற்றையும் கைவிட்டது.

டிரைவர் இருந்தும் கார்டு எழாமல் போவதற்கு இன்னொரு காரணம் ஃபர்ம்வேர். சில சில்லுகளுக்குள் நிரல் நிலையாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை எழும்போதும் டிரைவர் அதை வட்டிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். 2009-இல் வந்த டெல் பவர்எட்ஜ் ஆர்710 சர்வரின் பிராட்காம் 5709 போர்ட்டுகள் இந்த வகை. இத்தகைய ஃபர்ம்வேரின் மூலநிரல் திறந்ததல்ல என்பதால், டெபியன் லினக்ஸ் 2011-இல் வெளியிட்ட 6-ஆம் பதிப்பு முதல் அதைத் தன் கெர்னலிலிருந்து விலக்கி, தனிக் களஞ்சியத்தில் வைத்தது. கொள்கையாக அது மதிக்கத்தக்கது. ஆனால் ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு ஃபர்ம்வேர் வேண்டும் என்ற முட்டுச்சந்தில் பயனர் நின்றார். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து இந்த நிலையை மாற்றினார்கள். 2023 ஜூன் மாதம் வந்த 12-ஆம் பதிப்பின் நிறுவல் வட்டிலேயே இத்தகைய ஃபர்ம்வேர் இடம்பெற்றது.

இது தமிழ்நாட்டுக்குத் தூரத்துச் செய்தி அன்று. சென்னை சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளிலும் அது இடம்பெற்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்த காலத்தில், மாநில அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைக் கையிலெடுத்து அரசுப் பள்ளிகள்வரை கொண்டுசென்றது. இப்படி மொத்தமாக வாங்கும்போது கார்டு தென்படுமா என்ற கேள்வியை டெண்டரிலேயே எழுப்பிவிட வேண்டும். சில்லின் எண்ணையும் கெர்னல் பதிப்பையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கினால், பின்னால் பள்ளி பள்ளியாக அலைய வேண்டியதில்லை.

முட்டுச்சந்திலிருந்து வெளியேறச் சுருக்கமான வழி, கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் சர்வரில் இணைத்து டெதரிங் போடுவது. அது தற்காலிக நெட்வொர்க் கார்டாக எழும். தேவையான தொகுப்பை அதன் வழியே இறக்கிக்கொள்ளலாம்.

என்ன குறை என்று அறிய டிமெசெஜ் கட்டளை காட்டும் கெர்னல் பதிவைப் படிக்க வேண்டும். ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்றால் அந்தக் கோப்பின் பெயரையே அது சொல்லிவிடும். ஃபைபர் மாடியூல் செருகும் இன்டெல் எக்ஸ்520 கார்டில், வேறு நிறுவன மாடியூலைச் செருகினால் டிரைவர் ஏற மறுத்து, ஆதரவில்லாத மாடியூல் என்று எழுதும். மாடியூலைக் கழற்றி டிரைவரை மறுபடி ஏற்றினால் கார்டு தெரியும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் கார்டையே மாற்றியவர்கள் உண்டு.

பெயர் மாறிய கார்டு

சில சமயம் கார்டு தெரிந்துகொண்டுதான் இருக்கும், பெயர் மட்டும் மாறியிருக்கும். பழைய லினக்ஸில் முதல் கார்டு ஈத்0. அதைக் கழற்றிப் புதியதைப் போட்டால், பழைய கார்டின் தனி அடையாள எண்ணான மேக் முகவரியை நினைவில் வைத்திருக்கும் கணினி புதியதற்கு ஈத்1 என்று பெயரிடும். ஐபி அமைப்பு ஈத்0-இலேயே நின்றுவிடும். 2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி 197 முதல் ஸ்லாட்டின் இடத்தை வைத்துப் பெயர் வைக்கும் முறை வந்தது. இதில் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் ஈஎன்பி3எஸ்0 என்பது ஈஎன்பி4எஸ்0 ஆகிவிடும். நடுவில் வேறொரு கார்டைச் செருகினாலும் பஸ் எண்கள் நகர்ந்து பெயர் மாறலாம். 'ஐபி லிங்க்' கட்டளையைப் போட்டு இப்போதைய பெயரைப் பார்த்து, அமைப்புக் கோப்பில் திருத்தினால் வேலை முடிந்தது. விண்டோஸில் கழற்றிய கார்டின் ஐபி முகவரி மறைந்த கார்டின் பெயரிலேயே தங்கிவிடும். டிவைஸ் மேனேஜரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி அதை நீக்க வேண்டும்.

2008-இல் நடந்தது

மென்பொருள் வன்பொருளைக் கெடுக்காது என்ற நம்பிக்கையை உலுக்கிய நிகழ்வு ஒன்று உண்டு. 2008-இல் லினக்ஸ் 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களின் இன்டெல் லேன் போர்ட்டுகள் திடீரென்று மறைந்தன. கார்டுக்குள் மேக் முகவரி முதலியவற்றை வைத்திருக்கும் சிறு நினைவகம் அழிந்திருந்தது. டிரைவர் அதன் கூட்டுச்சரிபார்ப்பு (செக்சம்) பொருந்தவில்லை என்று சொல்லி விலகிக்கொண்டது. பழி முதலில் ஈ1000ஈ டிரைவர்மேல் விழுந்தது. உண்மையான காரணம் கெர்னலின் தடமறியும் கருவியான எஃப்டிரேஸ். வேறு பயன்பாட்டுக்குப் போய்விட்ட நினைவக முகவரியில் அது எழுதியது, அந்த முகவரியில் அப்போது கார்டின் நினைவகம் இருந்தது. இன்றும் கூட்டுச்சரிபார்ப்புப் பிழை வந்தால் கார்டைத் தூக்கி எறியத் தேவையில்லை. சரியான உள்ளடக்கத்தை மறுபடி எழுதினால் உயிர்பெறும் வாய்ப்பு உண்டு.

மாற்றுக் கார்டும் உதவியும்

காஞ்சிபுரத்தில் இருப்பவர் மாற்றுக் கார்டுக்குச் சென்னை ரிச்சி தெருவரை போகலாம், சுமார் 75 கிலோமீட்டர். பயன்படுத்திய சர்வர் கார்டு மலிவாகக் கிடைத்தால் எல்எஸ்பிசிஐ எண்ணைக் கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும். ஐ350 பெயரில் போலிகள் உலகச் சந்தையில் நெடுநாளாக உலவுகின்றன.

பணம் செலவழிக்கும் முன் ஊரிலேயே கேட்டுப் பார்க்கலாம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழிச் சந்திப்பு நடத்திவருகிறது. பேச்சு தமிழில் நடக்கிறது, புதியவர்களும் கேள்வி கேட்கலாம். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழும் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. மதர்போர்டு மாடல், எல்எஸ்பிசிஐ பட்டியல், டிமெசெஜ் வரிகள், பழுதுக்கு முன்னால் கடைசியாகச் செய்த மாற்றம் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு போனால் விடை விரைவில் கிடைக்கும்.

கார்டை மாற்றினால் மேக் முகவரியும் மாறும். ரௌட்டரில் அந்த முகவரிக்கென்று ஐபி ஒதுக்கியிருந்தால் அதைத் திருத்த வேண்டும். சுவிட்சில் போர்ட் பாதுகாப்பு போட்டிருந்தால் பழைய முகவரியை நீக்க வேண்டும். சில பில்லிங் மென்பொருள்கள் தம் உரிமத்தை மேக் முகவரியோடு கட்டிவைத்திருக்கும். அவற்றை விற்றவரிடம் சொல்லிப் புதிய உரிமச் சாவி வாங்கிய பிறகே கவுண்டர்களைத் திறக்க முடியும்.