புரோட்டோகால்

கிரேக்கத்தில் 'புரோட்டோஸ்' என்றால் முதல். 'கொல்லா' என்றால் பசை. பாப்பிரஸ் சுருளின் முகப்பில் ஒட்டிய முதல் தாளுக்குப் 'புரோட்டோகொல்லான்' என்று பெயர். லத்தீன், பிரெஞ்சு வழியே வந்தபோது அது ஆவணத்தின் மூலவரைவைக் குறித்தது; பிறகு அரசு விழாக்களில் யார் முன்னே, யார் பின்னே என்ற ஒழுங்கையும் குறித்தது. 1967இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தார் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிக்கு இச்சொல்லை எடுத்தாண்டார்கள். தமிழில் நெறிமுறை.

இதன் அருமை மின்னஞ்சலில் விளங்கும். 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் அஞ்சலைப் படிப்பதற்கான ஐமேப் நெறிமுறையை உருவாக்கியபோது, வழங்கி ஓடியது டாப்ஸ்-20 இயங்குதளத்தில். அஞ்சலைப் படித்ததோ செராக்ஸின் லிஸ்ப் இயந்திரம். ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லாத அமைப்புகள். நெறிமுறை பொதுவாக இருந்ததால் இணைந்தன. இன்று விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றும் ஒரே அஞ்சல்பெட்டியைத் திறப்பது அதே வழியில்தான். ஐமேப்புக்கு மூத்த நெறிமுறை பாப்; மடல்களை இறக்கிக்கொண்டு வழங்கியிலிருந்து நீக்கிவிடுவதே அதன் வழக்கம். ஐமேப் அவற்றை அங்கேயே வைத்திருக்கும். மடல்களை அனுப்புவது எஸ்எம்டிபி என்ற வேறொரு நெறிமுறையின் வேலை.

கணினியிலும் கைபேசியிலும் அஞ்சல் பார்ப்பவர்கள் ஐமேப்பையே தேர்ந்தெடுங்கள். பாதுகாப்பான இணைப்புக்கு அதன் துறை எண் 993.