நுரை அள்ளிய கதை

பருப்பு வேகும்போது மேலே திரண்டு வர்ற நுரையை அம்மா கரண்டியால அள்ளிக் கொட்டுறதைப் பார்த்திருப்பீங்க. பருப்போட புரதத்துல கொஞ்சம் அந்த நுரையோட போயிடுது. கடல்மீன் தொட்டி வெச்சிருக்கறவங்க ஆயிரக்கணக்குல செலவு பண்ணி வாங்குற 'புரோட்டீன் ஸ்கிம்மர்' பண்றதும் இதே கரண்டி வேலைதான். அடுப்புக்குப் பதிலா காத்துக் குமிழி, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடையில வாங்கின ஸ்கிம்மரை அப்படியே ஓட்டுற ஆசாமியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. வாங்கின ரெண்டாவது வாரமே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துடுவோம் (நான் முதல் வாரமே எடுத்தேன்). இந்த நோண்டலுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல சரித்திரம் இருக்கு. அதோட கடைசி அத்தியாயத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது தாம்பரத்து மழை.

முதல்ல நம்ம ஊர்லேர்ந்தே ஆரம்பிக்கலாம். 1909ல மெரினா கடற்கரையில ஒரு மீன் காட்சிசாலை திறந்தாங்க. மெட்ராஸ் மியூசியத்துக்குக் கண்காணிப்பாளரா இருந்த எட்கர் தர்ஸ்டனோட யோசனை அது. பிறகு மீன்வளத் துறை கைக்கு வந்து, இரண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பயந்த காலத்துல மூடிட்டாங்க. அந்தக் காட்சிசாலைக்குக் கடல் வாசல்லயே கிடந்தது. தண்ணி அழுக்கானா மாத்துறதுக்கு நாலடி நடந்தா போதும்.

தாம்பரத்துல அது நடக்காது. கடல் ஒண்ணும் தூரமில்லதான். ஆனா வண்டலூர்-கேளம்பாக்கம் ரோட்டுல கோவளம் போய், கேன்ல மோந்து, வண்டியில கட்டி வீடு வந்து சேர அரை நாள் ஓடிடும். மாசம் ஒருதரம் போலாம். வாரம் ரெண்டுதரம் போனா வீட்ல சோறு கிடைக்காது.

இதே கஷ்டம் ஜெர்மனிக்காரங்களுக்கு நம்மைவிடப் பத்து மடங்கு. பெரிய நகரங்கள் பலதும் கடலை விட்டு ரொம்ப உள்ளே. தண்ணியை மாத்த முடியலைன்னா இருக்கற தண்ணியிலேர்ந்தே அழுக்கை எடுத்தாகணும். வீட்டுத் தொட்டிக்கான ஸ்கிம்மர் 1960கள்ல சாண்டர், டுன்ஸே மாதிரி ஜெர்மன் கம்பெனிகள் கையில வளர்ந்ததுக்குக் காரணம் இந்தத் தூரம்தான்னு எனக்குத் தோணும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம். புரத மூலக்கூறுக்கு ஒரு பக்கம் தண்ணி பிடிக்கும், இன்னொரு பக்கம் பிடிக்காது. அதனால தண்ணியும் காத்தும் சந்திக்கிற இடத்துல போய் ஒட்டிக்கும். குமிழியோட மேல்தோல் அந்த மாதிரி இடம். குமிழி சின்னதாக ஆக, அதே அளவு காத்துக்கு மேல்தோல் பரப்பு கூடும். உப்புத் தண்ணியில குமிழிகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகறதும் குறைவு. அழுக்கைச் சுமந்துக்கிட்டு மேலே ஏறி, நுரையாகி, குவளையில விழும். கடலே இந்த வேலையைப் பண்ணும். 2019 டிசம்பர் தொடக்கத்துல மெரினாவுலேர்ந்து பட்டினப்பாக்கம் வரைக்கும் வெள்ளை நுரை பொங்கி, பசங்க அதுல விளையாடின படங்கள் ஞாபகம் இருக்கா? மழையில அடிச்சுட்டுப் போன சாக்கடையும் சோப்புத் தண்ணியும் அலையில கடையப்பட்ட கதை அது. பட்டினப்பாக்கத்துக்கிட்ட கடல்ல சேர்ற அடையாறு நம்ம முடிச்சூர்ப் பக்கமாத்தான் போகுது. அதனால அந்த நுரையில நம்ம வீட்டு வாஷிங் மெஷினுக்கும் பங்கு உண்டு. நிற்க.

ஆரம்ப கால ஸ்கிம்மர் ரொம்ப எளிமை. ஒரு நெட்டைக் குழாய், அடியில மரத்துண்டுல செஞ்ச ஏர் ஸ்டோன், ஒரு காத்து மோட்டார். தண்ணி மேலேயிருந்து கீழே வரும், குமிழி கீழேயிருந்து மேலே போகும். எதிரும் புதிருமா போறதால ரெண்டும் உரசிக்க நிறைய நேரம் கிடைக்கும். குறை என்னன்னா, மரத்துண்டு சில வாரத்துல அடைச்சுக்கும், மாத்தணும்.

அந்தச் சோம்பேறித்தனத்துலதான் அடுத்தடுத்த கண்டுபிடிப்பெல்லாம் வந்தது. முதல்ல வெஞ்சுரி. குறுகின வாய் வழியா தண்ணியை வேகமா விட்டா காத்தைத் தானே உறிஞ்சிக்கும். பழைய வண்டி கார்புரேட்டர்ல பெட்ரோல் உறிஞ்சப்படற அதே தத்துவம். அப்புறம் அமெரிக்காவுல தோட்டத்து நீரூற்றுக்கு விக்கிற பெக்கெட் நாசிலைக் கழட்டி ஸ்கிம்மர் தலையில மாட்டினாங்க. அது நோண்டிகளோட பொற்காலம். அடுத்து ஊசிச் சக்கரம், அதாவது மோட்டாரோட இம்பெல்லர்ல பட்டை இறக்கைக்குப் பதிலா வரிசையா ஊசிங்க. உள்ளே வர்ற காத்தை அது பொடிப்பொடியா நறுக்கும். 2000களின் நடுவுல அந்த ஊசியும் போதலைன்னு, மண் அரிப்பைத் தடுக்க விரிக்கிற எங்காமேட் வலையை வெட்டி இம்பெல்லர்ல கட்டினாங்க.

எங்காமேட்டுக்குத் தாம்பரத்துல நான் எங்கே போறது? பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் நாரை வெட்டி, மீன்பிடி நரம்பால தெச்சுக் கட்டினேன். காத்து இழுக்குற சத்தமே மாறிடுச்சு. தூண் முழுக்கப் பால் மாதிரி வெள்ளை! காலையில எழுந்து பார்த்தா குவளை வழிஞ்சு, ஹாலெல்லாம் உப்புத் தண்ணி. அதுக்கு வெளியேறுற குழாயில ஒரு வால்வு போட்டு மட்டத்தைக் கட்டுப்படுத்தினேன். இன்னொரு நாள் நுரையே காணோம். மோட்டாரைக் கழட்டி, கழுவி, மாட்டி, ஒண்ணும் நடக்கல. கடைசியில பார்த்தா, தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவின கையோட தொட்டியில கைவிட்டிருக்கேன். ஒரு சொட்டு எண்ணெய் போதும், நுரை அப்படியே அமுங்கிடும். (குளிச்சிட்டு வந்தும் பிரயோஜனமில்ல. ராத்திரி வரைக்கும் காத்திருந்தேன்.)

இவ்வளவு பாடுபட்டதுக்குப் பலன் என்ன? 2009ல பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் பல ஸ்கிம்மர்களை வெச்சு அளந்து பார்த்தார். தண்ணியில இருக்கற மொத்தக் கரிமக் கார்பன்ல ஸ்கிம்மர் எடுக்கறது சுமாரா 20லேர்ந்து 30 சதவீதம்தான். அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் மிச்சம் அப்படியேதான் இருக்கு. விலை கூடினது, குறைஞ்சது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ரகம்தான். படிச்சிட்டு ரெண்டு நாள் என் பாத்திர நாரைப் பார்க்கவே பிடிக்கல.

இன்னொண்ணும் உறைச்சது. அங்கே ஸ்கிம்மரை இவ்வளவு துரத்தினதே பவளத்துக்காக. பெர்லின்ல டீட்ரிஷ் ஸ்டூபர் போன்றவங்க உயிர்ப்பாறையும் பலமான ஸ்கிம்மரும் வெச்சுப் பவளம் வளர்த்துக் காட்டினாங்க. உலகமே பின்னாடி போச்சு. நம்ம நாட்டுல 2001லேர்ந்து பவளப்பாறை உயிர்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. புலிக்குக் கிடைக்கிற பாதுகாப்பு அதுக்கும். வீட்ல வெச்சுக்கக் கூடாது. சரியான சட்டம்தான். ஆனா வெறும் மீன் மட்டும் வெச்சிருக்கற நாம எந்த ரேஸ்ல ஓடிக்கிட்டிருந்தோம்?

பதில் 2015 டிசம்பர் 1ஆம் தேதி வந்தது. அந்த ஒரு நாள்ல தாம்பரத்துல பதிவான மழை 49 செ.மீ. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முழுகினது ஊருக்கே தெரியும். எங்க வீடு முதல் மாடி, தண்ணி ஏறல. ஆனா கரண்ட் போனது போனதுதான். மூணடித் தொட்டி, கிட்டத்தட்ட 190 லிட்டர், அஞ்சு மீன். கடல் தண்ணியில ஆக்ஸிஜன் ஏற்கெனவே கம்மி. 25 டிகிரியில முழுசாக் கரைஞ்சாலும் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் வாக்குலதான். நல்ல தண்ணின்னா 8க்கு மேல. அந்தக் காத்தைக் கலந்துக்கிட்டிருந்தது என் ஸ்கிம்மர்தான். அழுக்கு எடுக்கற மெஷின்னு மட்டுமே நினைச்சிருந்தேனே தவிர, மூச்சு கொடுக்கற மெஷினும் அதுதான்னு உறைக்கல.

ராத்திரி முழுக்க மெழுகுவர்த்தி வெளிச்சத்துல சொம்பால மோந்து மோந்து ஊத்தினேன். விடியக்காலையில கண் அசந்துட்டேன். எழுந்தப்போ ரெண்டு மிதந்துச்சு. கரண்ட் வர்றதுக்குள்ள இன்னும் ரெண்டு. மிஞ்சினது ஒரே ஒரு கோமாளி மீன். அம்மா திட்டல. "இவ்வளவு பெரிய மெஷினை வெச்சியே, காத்து அடிக்கிற சின்ன மோட்டார் ஒண்ணு பேட்டரியில வெச்சிருக்கக் கூடாதாடா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினப்போதான் பழைய ஜெர்மன் குழாய் ஞாபகம் வந்தது. தண்ணி மோட்டாரே இல்லாம, காத்தாலேயே ஓடுற ஸ்கிம்மர். நம்ம புறநகர்ல போர்வெல்லுக்குக் கம்ப்ரசர் போடுறாங்களே, காத்தை உள்ளே அடிச்சுத் தண்ணியை மேலே தூக்க, அதே வித்தை. மூணு இஞ்ச் பிவிசி குழாயைத் தொட்டிக்குள்ளேயே நிறுத்தினேன். தண்ணி மட்டத்துக்குச் சற்றுக் கீழே உள்ளே வர ஓட்டைகள். அடியில மரத்துண்டு ஏர் ஸ்டோன். மரத்தோட நீளவாக்கு நரம்பு வழியா காத்து போற மாதிரி வெட்டணும், அதுதான் சூட்சுமம். பக்கத்துல அரை இஞ்ச் குழாய், அதுக்குள்ள இன்னொரு காத்து டியூப். அடியிலேர்ந்து தண்ணியைத் தூக்கித் தொட்டியிலேயே விடும். தலையில கூம்பா வெட்டின பாட்டில், நுரைக்குவளை. 12 வோல்ட் காத்து மோட்டார், யுபிஎஸ்லேர்ந்து கழட்டின பேட்டரி ரெண்டு.

அழுக்கு கொஞ்சம் கம்மியாத்தான் எடுக்குது. மரத்துண்டை ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் மாத்துறேன். ஆனா 2016 டிசம்பர் 12ல வர்தா புயல் வந்து மரமும் கம்பமும் சாய்ஞ்சப்போ, ஒரு பேட்டரியை ஆபீஸ் கொண்டுபோய் சார்ஜ் ஏத்தி, மாத்தி மாத்தி ஓட்டினேன். ஒரு மீனும் போகல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்பவும் அப்படித்தான்.

காத்தை நறுக்கறதுலயே அரை நூற்றாண்டு போச்சு. நம்ம ஊருக்குத் தேவைப்பட்டது, சரித்திரம் வேண்டாம்னு ஒதுக்கின முதல் குழாய்தான். பாத்திர நார் கட்டின அந்த மோட்டார் இன்னும் பரண்ல இருக்கு. தூக்கிப் போட மனசு வரல.

பி.கு: அந்தக் கோமாளி மீன் அதுக்கப்புறம் ஆறு வருஷம் இருந்தது.