கொன்னக்கோல்: தாளத்தின் வாய்பாடு

கையால் தாளமிட்டு, மிருதங்கத்தின் முழக்கை வாயால் சொல்லும் கலை கொன்னக்கோல் எனப்படும். மிருதங்க ஆசிரியர்கள் இச்சொற்கட்டையே முதற்பாடமாக வைத்தனர். வாயில் வராத சொல் விரலில் வராது என்பது அவர்தம் கொள்கை.

யாப்பிற்குத் ‘தேமா, புளிமா’ எப்படியோ, தாளத்திற்கு இச்சொற்கள் அப்படி. மூன்றெழுத்துத் ‘தகிட’ திச்ரம். நான்கெழுத்துத் ‘தகதிமி’ சதுச்ரம். ஐந்தெழுத்துத் ‘தகதகிட’ கண்டம். தகிடவும் தகதிமியும் சேரின் ஏழெழுத்து மிச்ரமாம். எண்ணும் வேலையை எழுத்தே செய்துவிடுகிறது. ஆதலின், கருவித்துணையின்றிப் பாடுவோர்க்கு இதனினும் ஏற்ற பயிற்சி அரிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கலைக்கு மேடையிற் பெரும்புகழ் தேடித் தந்தவர் மன்னார்குடி பக்கிரியா பிள்ளை. பின்னர்க் கச்சேரிகளில் அதன் இடம் சுருங்கிற்று. ஆயினும் வகுப்பறை அதனைக் கைவிடவில்லை. நடனமேதை பாலசரசுவதியின் தம்பியும் மிருதங்க வித்துவானுமாகிய ரங்கநாதன், 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அவரிடம் பயின்ற டேவிட் நெல்சன், 2008இல் சொற்கட்டுப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். அப்பாடத்திற்குக் கருவி வேண்டா. வாயும் கையும் போதும்.

மேடை மறந்ததை ஆசிரியர் காத்தனர். ஆசிரியரும் மறப்பின் காப்பார் யார்?