தென்காசியும் மக்களவையும்: இடதுசாரிகளின் நான்கு ஆண்டுகள் (2004 - 2008)

குற்றால மலையில் விழும் அருவியைக் காண ஆண்டுதோறும் சாரல் காலத்தில் பல்லாயிரவர் வருகின்றனர். அந்நீர் கீழே எங்கே செல்கிறது என்று கேட்போர் சிலரே. அது சிற்றாறு என்னும் பெயருடன் தென்காசியைக் கடந்து, அணைக்கட்டுகளில் தேங்கி, கால்வாய்களின் வழியே குளங்களை நிரப்பி, எஞ்சியது தாமிரபரணியில் கலக்கிறது. மலையில் எவ்வளவு மழை பெய்தாலும், கால்வாய் தூர்ந்திருந்தால் கடைமடை வயல் காய்ந்தே கிடக்கும். உழைக்கும் மக்களின் பெயரால் பாராளுமன்றத்தில் பெறப்படும் அதிகாரத்தைப் பற்றிச் சிந்திக்கும்போதும் இதை நினைவில் கொள்ளுதல் நலம்.

2004ஆம் ஆண்டு முதல் 2008ஆம் ஆண்டு வரை இந்திய இடதுசாரி இயக்கம், அதற்கு முன்னும் பின்னும் பெறாத செல்வாக்கை மக்களவையில் பெற்றிருந்தது. அந்நாட்களில் தென்காசித் தொகுதியின் உறுப்பினர் ஒரு கம்யூனிஸ்ட். அச்செல்வாக்கு எவ்வாறு கிடைத்தது, எதற்குப் பயன்பட்டது, எவ்வாறு நழுவியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அதிகாரம் கிடைத்த விதம்

1952இல் கூடிய முதல் மக்களவையில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 16 இடங்களைப் பெற்று, எதிர்த்தரப்பில் மிகப் பெரிய கட்சியாக அமர்ந்தது. ஏ. கே. கோபாலன் அதன் தலைவராய் விளங்கினார். எனினும் ஆளுங்கட்சி பெரும்பான்மையுடன் இருந்தவரை, எதிர்த்தரப்பின் குரல் கேட்கப்பட்டதேயன்றி அதற்குப் பணியவேண்டிய கட்டாயம் எழவில்லை. 1964இல் கட்சி இரண்டாகப் பிளந்தது. 1996இல் ஐக்கிய முன்னணி அரசு அமைந்தபோது, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த இந்திரஜித் குப்தா உள்துறை அமைச்சரானார். மார்க்சிஸ்ட் கட்சியோ பிரதமர் பதவியே தன்னைத் தேடி வந்தும் அதை ஏற்க மறுத்தது. ஆட்சியில் பங்கேற்பதா, வெளியே நின்று ஆதரிப்பதா என்னும் வினா அப்போதே எழுந்துவிட்டது.

2004 தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி 43, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 10, புரட்சிகர சோஷலிஸ்ட் கட்சி 3, பார்வர்டு பிளாக் 3 என இடதுசாரிகள் 59 இடங்களைப் பெற்றனர். காங்கிரஸ் பெற்றவை 145. இடதுசாரிகளின் ஆதரவின்றி அரசு அமைய வழியில்லை.

அந்த 59இல் ஒன்று தென்காசி. பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட இத்தொகுதியில், 1977 முதல் 1996 வரை எம். அருணாசலம் ஆறு முறை, பெரும்பாலும் காங்கிரஸ் சார்பில், வெற்றி பெற்றிருந்தார். 2004இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எம். அப்பாதுரை வென்றார். இவ்வெற்றியை மிகைப்படுத்தலாகாது. அவ்வாண்டு தமிழகத்தின் 39 தொகுதிகளையும் தி.மு.க. தலைமையிலான அணியே கைப்பற்றியது. வயல் தொழிலாளரும் பீடி சுற்றும் பெண்களும் நிறைந்த பகுதியில் கட்சிக்கு நெடுநாளைய வேர் இருந்தது உண்மை; ஆனால் அந்த வேர் மட்டும் வெற்றியைத் தந்துவிடவில்லை. 2009இல் அதே கட்சியின் பொ. லிங்கம் இங்கு வென்றபோது, கட்சி அ.இ.அ.தி.மு.க. அணியில் இருந்தது. ஆகவே ஐந்தாண்டு இடைவெளியில் எதிரெதிரான இரு அணிகளின் தோளில் ஏறியே கம்யூனிஸ்டுகள் தென்காசியிலிருந்து டெல்லிக்குச் சென்றனர். அவர்கள் பெற்ற அதிகாரத்தில் ஒரு பகுதி கடனாகப் பெற்றது என்பதை மறுக்க இயலாது.

2. அதிகாரம் பயன்பட்ட விதம்

இடதுசாரிகள் அமைச்சர் பதவி எதையும் ஏற்கவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் சோம்நாத் சட்டர்ஜி மக்களவைத் தலைவரானார், அவ்வளவே. அவர்கள் கைக்கொண்ட கருவி 2004 மே மாதம் வெளியிடப்பட்ட குறைந்தபட்சப் பொதுத்திட்டம் என்னும் எழுத்து ஆவணம். அரசின் ஒவ்வொரு செயலையும் அந்த ஆவணத்தோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்பதற்கென ஒருங்கிணைப்புக் குழு ஒன்றும் ஏற்பட்டது. வாக்குறுதி எழுத்தில் இருந்தமையால் கோரிக்கை சலுகைக்கான மன்றாட்டாக இராமல், கணக்குக் கேட்பதாக அமைந்தது.

இதன் பயனை இரு சட்டங்களில் தெளிவாகக் காணலாம். ஊரக வேலை உறுதி மசோதா 2004 டிசம்பரில் கொண்டுவரப்பட்டபோது, அது வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. நாடு முழுவதும் எப்போது பரவும் என்ற காலவரையும் அதில் இல்லை. மக்கள் இயக்கங்கள் வெளியே கிளர்ந்தன. இடதுசாரிகள் உள்ளே வற்புறுத்தினர். ஆளுங்கூட்டணிக்குள்ளும் ஆதரவுக் குரல்கள் எழுந்தன. 2005 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம், கேட்டுவரும் எந்த ஊரகக் குடும்பத்துக்கும் ஆண்டுக்கு 100 நாள் வேலையை உரிமையாக்கியது. ஐந்தாண்டுக்குள் நாடெங்கும் பரவவேண்டும் என்றும் விதித்தது.

வன உரிமைச் சட்டத்தின் வரலாறும் இத்தகையதே. மூல மசோதா பழங்குடியினருக்கு மட்டும், அதுவும் 25-10-1980க்கு முன் நிலத்தைக் கைக்கொண்டோர்க்கு மட்டும், உரிமை வழங்க முன்வந்தது. இரு அவைகளின் கூட்டுக்குழு அதை ஆராய்ந்தபின், 2006 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் அந்நாள் 13-12-2005 என மாற்றப்பட்டது. மூன்று தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்ந்த பிறரும் சேர்க்கப்பட்டனர். ஒரு தேதியை மாற்றுவது சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஒரு தேதியே குடியிருப்பவனை ஆக்கிரமிப்பாளன் எனவும் உரிமையாளன் எனவும் பிரிக்கிறது.

எல்லா வாக்குறுதியும் நிறைவேறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். விவசாயத் தொழிலாளர் அனைவருக்கும் விரிவான பாதுகாப்புச் சட்டம் இயற்றப்படும் எனப் பொதுத்திட்டம் கூறியிருந்தது. அச்சட்டம் வரவேயில்லை. நிலமற்ற கூலிகளின் தொகுதியாகிய தென்காசிக்கு இக்குறை சிறியதன்று.

3. கடைமடைக்கு வந்த நீர்

வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரியில் முதலில் 200 மாவட்டங்களில் தொடங்கிற்று. அன்று தென்காசியையும் உள்ளடக்கியிருந்த திருநெல்வேலி மாவட்டம் இரண்டாம் கட்டமாக 2007இல் சேர்ந்தது. மக்கள் அதற்கு ‘நூறு நாள் வேலை’ என்று பெயரிட்டனர். குளங்களிலும் கால்வாய்களிலும் மண் எடுக்கும் வேலையே பெரும்பகுதி. தமிழகத்தில் இவ்வேலைக்கு வந்தோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது நம் வயல்களில் அதுவரை கேட்டறியாத செய்தி.

ஆயினும் குறைகள் பல. கேட்ட உடன் வேலை கிடைப்பதில்லை, கூலி வாரக்கணக்கில் தாமதமாகிறது, நூறு நாளும் நிறைவு பெறுவதில்லை என்னும் முறையீடுகள் ஓயவில்லை. வன உரிமைச் சட்டமோ, தமிழகத்தில் நெடுங்காலம் ஏட்டிலேயே இருந்தது. மேற்கு மலையடிவாரத்துப் பளியர் போன்றோர் உரிமைப் பத்திரத்துக்காகப் பல்லாண்டு காத்திருக்க நேர்ந்தது. சட்டம் இயற்றும் வலிமை டெல்லியில் இருந்தது. அதைக் கிராமத்தில் கேட்டுப் பெறும் அமைப்பு அதே அளவுக்கு வளரவில்லை.

4. அதிகாரம் நழுவிய விதம்

அமெரிக்காவுடனான அணு ஒப்பந்தத்தை எதிர்த்து 2008 ஜூலையில் இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டனர். ஜூலை 22 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 275க்கு 256 என்ற கணக்கில் பிழைத்தது. மறுநாள், பதவி விலக மறுத்த சோம்நாத் சட்டர்ஜி கட்சியினின்று நீக்கப்பட்டார்.

ஒப்பந்தம் பொதுத்திட்டத்தில் இல்லை என்ற அவர்களுடைய வாதம் பொய்யன்று. ஆனால் நம்மைச் சிந்திக்க வைப்பது வேறு. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நாட்களில், கூலித் தொழிலாளரின் கஞ்சிக்காக அல்லாமல், அவர்கள் அறிந்திராத ஒரு பொருளுக்காகக் கடைசி ஆயுதம் எடுக்கப்பட்டது. வேலை உறுதிச் சட்டத்துக்காக வீதியில் நின்ற மக்கள் இயக்கம் எதுவும் இம்முறை அவர்களுக்குப் பின்னால் நிற்கவில்லை. மேலும், டெல்லியில் நிலமற்றோர்க்காகப் பேசிய இயக்கத்தின் ஆட்சியிலேயே, 2007 மார்ச்சில் மேற்கு வங்க நந்திகிராமத்தில், நிலத்தைக் காக்க நின்ற 14 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். கையில் அதிகாரம் இருந்த இடத்தில் நேர்ந்த அந்த முரண்பாடு, அதிகாரம் கேட்ட இடத்திலும் அவர்களது சொல்லின் எடையைக் குறைத்தது. 2009இல் இடதுசாரிகள் 24 இடங்களாகக் குறைந்தனர். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி நாடு முழுவதிலும் பெற்ற நான்கு இடங்களில் தென்காசியும் ஒன்று. ஆனால் இப்போது அவ்வுறுப்பினரின் வாக்கை எதிர்பார்த்து எந்த அரசும் நிற்கவில்லை.

2025 டிசம்பரில் பாராளுமன்றம் வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை இயற்றியது. ஓர் அவை கொடுத்ததை மற்றோர் அவை மாற்ற வல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5. நாம் கற்க வேண்டியது

நெகேமியாவின் நூலில் ஐந்தாம் அதிகாரம் நமக்குப் பழக்கமானது. கடனுக்கு வயலையும் பிள்ளைகளையும் அடகு வைத்த ஏழைகள் முறையிடுகின்றனர். ஆளுநர் செல்வரைச் சபை கூட்டி, பறித்ததைத் திருப்பித் தரும்படி ஆணையிடுவித்து, ஆசாரியரைச் சாட்சியாக நிறுத்துகிறார். முறையீடு, அவை, வாக்குறுதி, சாட்சி ஆகிய நான்கும் அங்கே ஒன்று சேர்கின்றன. ஆனால் பதின்மூன்றாம் அதிகாரத்தை நாம் அத்துடன் சேர்த்து வாசிப்பதில்லை. அவர் அரசனிடம் சென்று திரும்புவதற்குள் மக்கள் ஏற்ற உடன்படிக்கைகள் கைவிடப்பட்டிருந்தன. காவல் நீங்கியது, நியாயமும் நீங்கியது.

அந்த நான்கு ஆண்டுகளின் பாடமும் இதுவே. பாராளுமன்ற அதிகாரத்தை இகழ்வது நமக்குத் தகாது. தேதி ஒன்றை மாற்றி ஒரு குடும்பத்தின் வாழ்வை மாற்ற அதனால் கூடும். அதை வழிபடுவதும் தகாது. தோள் கொடுத்த மக்கள் அறியாமல் அது பயன்படுத்தப்படும் நாளில் அது வெறும் எண்ணிக்கையாகிவிடும். நம் சபைகளில் நூறு நாள் வேலைக்குச் சென்ற பெண்கள் அமர்ந்திருக்கின்றனர். பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்க வைத்தோர் அமர்ந்திருக்கின்றனர். தமக்கென எழுதப்பட்ட சட்டம் எது, அதில் எது மாற்றப்பட்டது, எங்கே மனுக் கொடுப்பது என்பதை அவர்களோடு அமர்ந்து வாசிக்கப் போதகருக்கு எந்தக் கட்சியின் அட்டையும் தேவையில்லை. அருவியை நாம் உண்டாக்குவதில்லை. கால்வாயைத் தூர் வாருவது நம்மால் ஆகும்.