பித்தாகரஸ் ஒதுக்கிய பயறு

கணக்குப் பாடத்தில் வரும் பித்தாகரஸை எல்லாருக்கும் தெரியும். 2500 வருஷத்துக்கு முன்னாடி அவர் தன் சீடர்களுக்கு ஒரு சாப்பாட்டுத் தடையும் போட்டதாகச் சொல்வார்கள். ஃபாவா பீன்ஸைத் தொடவே கூடாதாம்!

அப்படி என்ன இருக்கு அந்தப் பயறில்? வாங்க பார்ப்போம்.

மொச்சையை விடப் பெரிசா, தட்டையா இருக்கும் இந்தப் பயறு மத்திய தரைக்கடல் நாடுகளின் பழைய உணவு. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மாட்கள் குப்பூஸுக்குத் தொட்டுக்கிற "ஃபூல்" இதுதான். எகிப்தில் காய்ந்த பயறை ராத்திரி முழுக்க ஊறவைத்து, சிறு தீயில் மணிக்கணக்கா வேகவைத்து, சீரகம், பூண்டு, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் சேர்த்து மசிப்பார்கள். ரோமில் மே 1 அன்று பச்சையாகவே உரித்து, ஆட்டுப்பால் சீஸோடு சாப்பிடுவது வழக்கம்.

பித்தாகரஸ் ஏன் தடுத்தார்? இறந்தவர்களின் ஆன்மா அதில் இருக்கு, வாயுத் தொல்லை தரும் என்று பழைய ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் எழுதி வைத்தார்கள். பிற்கால மருத்துவர்கள் இன்னொரு ஊகத்தைச் சேர்த்தார்கள். அது நிரூபிக்கப்படாத ஊகம்தான். ஆனா அதன் பின்னால் இருக்கும் நோய் நிஜம்.

இத்தாலியின் சார்டீனியா, சிசிலி தீவுகளில் வசந்த காலம் வந்து பயறு காய்த்தால் சில வீடுகளில் பயம் வந்துவிடும். பயறு சாப்பிட்ட ஒன்றிரண்டு நாளில் குழந்தை வெளிறிப் போகும். கண் மஞ்சளாகும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். உயிரே போனதும் உண்டு. பாதிக்கப்பட்டவர்களில் ஆண் குழந்தைகளே அதிகம். இதற்கு "ஃபேவிசம்" என்று பெயர் வைத்தார்கள். அலர்ஜி என்றார்கள், பூவின் மகரந்தம் என்றார்கள். ஒரே பயறைச் சாப்பிட்ட அண்ணன் விழுகிறான், தங்கை ஓடி விளையாடுகிறாள். ஏன்னு யாருக்கும் புரியல.

விடை கிடைத்தது சமையலறையில் இல்லை, அமெரிக்கச் சிறையில்.

இல்லினாய்ஸ் மாநில ஸ்டேட்வில் சிறைக் கைதிகளிடம் மலேரியா மருந்துகளைச் சோதித்தார்கள். (அதன் நியாயம் இன்றுவரை விவாதிக்கப்படுகிறது.) பிரைமாகுயின் மாத்திரை கொடுத்தபோது சில கறுப்பினக் கைதிகளுக்கு மட்டும் ரத்த சிவப்பணுக்கள் உடைந்தன. 1956ல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அவர்களின் சிவப்பணுக்களில் "ஜி6பிடி" என்ற நொதி குறைவு.

இந்த நொதி சிவப்பணுவின் காவலாளி மாதிரி. ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து அணுவைக் காப்பாற்றும். ஃபாவாவில் இருக்கும் வைசின், கான்வைசின் என்ற பொருட்கள் குடலில் மாறி ரத்தத்துக்குப் போய் அதே சேதத்தைச் செய்யும். காவலாளி குறைந்த அணு உடையும். அதாவது மாத்திரையும் பயறும் ஒரே இடத்தில்தான் அடிக்கின்றன! இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கு. அம்மாவுக்குப் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது, மகன் மாட்டிக்கலாம்.

சரி, இவ்வளவு ஆபத்தான குறைபாடு எப்படித் தலைமுறை தாண்டி நின்றது? சார்டீனியாவே பதில் சொன்னது. மலேரியா ஆட்டிப் படைத்த சமவெளிக் கிராமங்களில் இந்தக் குறைபாடு அதிகம், மலைக் கிராமங்களில் குறைவு. மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றிய ஜீன்தான், பயறு விஷயத்தில் வில்லனானது.

இது இத்தாலிக் கதை மட்டும் இல்லை. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு உண்டு. இந்தியாவிலும் உண்டு. அதனால:

1. குடும்பத்தில் யாருக்காவது இது இருந்தால் ஃபாவா வேண்டாம். வேகவைத்தாலும் ஆபத்து முழுசாப் போகாது.

2. விவாக்ஸ் மலேரியாவுக்கு பிரைமாகுயின் எழுதும் மருத்துவரிடம் இந்தக் குறைபாட்டை மறக்காமல் சொல்லுங்கள்.

3. குழந்தைத் துணிகளுக்கு நடுவே நாப்தலின் அந்துருண்டை வைக்காதீர்கள். அதுவும் இவர்களின் சிவப்பணுக்களை உடைக்கும்.

4. திடீர் மஞ்சள் கண், கறுத்த சிறுநீர் என்றால் நாட்டு மருந்து தேடாமல் உடனே மருத்துவமனை போங்கள். அந்த நேரத்து ரத்தப் பரிசோதனையில் நொதி "நார்மல்" என்று வரலாம். குறையுள்ள பழைய அணுக்கள்தான் முதலில் உடையும் என்பதே காரணம். சுமார் 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

மத்தவங்க தாராளமா சமைச்சுச் சாப்பிடுங்க. புரதமும் ஃபோலேட்டும் நிறைந்த அருமையான பயறு அது.