ஜிங்க் சல்பேட் 21 சதவீதமா, 33 சதவீதமா? ஏக்கருக்கு எவ்வளவு போடுவது?

நெல் நட்ட இரண்டு, மூன்று வாரங்களில் அடி இலைகளில் துருப் பிடித்தது போல் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, பயிர் திட்டுத் திட்டாகக் குன்றி நின்றால், அது பெரும்பாலும் துத்தநாகச் சத்துக் குறைபாடு. இதற்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் பரிந்துரைக்கப்படுகிறது. கடைக்குப் போனால் இரண்டு வகை இருக்கும். ஒன்றில் 21 சதவீதம், மற்றதில் 33 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். பெயர் ஒன்றுதான் என்பதால் இரண்டையும் ஒரே அளவில் போட்டுவிடுகிறார்கள்.

வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் எண்ணுவது போல, அணுக்களை மோல் கணக்கில் எண்ணுவார்கள். கவுளிக்கு எண்ணிக்கை ஒன்றுதான், இலையின் அளவைப் பொறுத்து எடை மாறும். அப்படியே ஒரு மோல் துத்தநாகம் 65.4 கிராம், சல்பேட் 96 கிராம், தண்ணீர் 18 கிராம்.

ஹெப்டாஹைட்ரேட் என்ற வகையில் ஒரு மோல் துத்தநாகத்தோடு 7 மோல் தண்ணீர், அதாவது 126 கிராம், படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு இருக்கிறது. மொத்தம் 287.4 கிராம். அதில் துத்தநாகம் 65.4 கிராம், சுமார் 22.7 சதவீதம். மோனோஹைட்ரேட் வகையில் ஒரு மோல் தண்ணீர்தான். மொத்தம் 179.4 கிராம், துத்தநாகம் சுமார் 36 சதவீதம். இது சுத்தமான பொருளுக்கான கணக்கு. கடைச்சரக்குக்கு உள்ள குறைந்தபட்ச அளவுதான் மூட்டையில் காணும் 21, 33. கையில் தொட்டால் இரண்டுமே உலர்ந்த உப்புதான், ஈரம் தெரியாது.

பரிந்துரையில் உள்ள 10 கிலோ, 21 சதவீத வகைக்கு உரியது. அதில் கிடைப்பது 2.1 கிலோ துத்தநாகம். 33 சதவீத வகையில் இதே சத்துக்கு 2.1-ஐ 0.33-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 6.4 கிலோ போதும். பத்து கிலோவும் போட்டால் மூன்றரைக் கிலோவுக்கு மேல் காசு வீண்.

இலைவழித் தெளிப்பில் இன்னும் கவனம் தேவை. 10 லிட்டர் டேங்குக்கு 21 சதவீத வகை 50 கிராம் என்றால், 33 சதவீத வகை 32 கிராம்தான். கூடினால் இலை கருகும்.

எது மலிவு என்று பார்க்க, ஒரு கிலோ விலையை ஒன்றுக்கு 21-ஆலும் மற்றதற்கு 33-ஆலும் வகுங்கள். குறைவாக வருவதை வாங்கலாம்.

எந்த வகையானாலும் டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட்டுடன் கலக்காமல், 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து நடவுக்கு முன் சீராகத் தூவவும்.