நீருக்கடியில் ஒரு கடைவீதி



யாத்திரைக் காலத்தில் ஒரு நாள் மாலை. அட்டன் பஸ்ஸுக்காக மஸ்கெலியா பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். முதுகிலே பெரிய பையும் கையிலே ஒரு வழிகாட்டி நூலுமாக ஓர் அம்மையார் என் அருகே வந்து நின்றார். ஐம்பது வயது மதிக்கலாம். முகச்சாயலைப் பார்த்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்தவர் போலவே தோன்றியது. "எங்கேம்மா போகணும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொன்னார். தமிழ் தெரியாதாம், பெயர் மட்டும் தமிழ். தென்னாபிரிக்காவிலுள்ள டேர்பன் நகரத்திலிருந்து வந்திருந்தார். மலை ஏறி இறங்கியாயிற்று, நாளை ஒரு நாள் கையில் இருக்கிறது, இந்த ஊரிலே வேறு என்ன பார்க்கலாம் என்பது அவருடைய கேள்வி.

கையிலிருந்த நூலை வாங்கிப் பார்த்தேன். மஸ்கெலியாவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மலை, இரண்டு மூன்று நீர்வீழ்ச்சிகள், தேயிலை இஸ்டோர், தங்குவதற்குத் துரைமார் பங்களாக்கள். மனிதரைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடிக்கலாம் என்று. அரைமணி நேரத்தில் எனக்குப் பஸ் வந்துவிட்டது. அவரிடம் அவசரமாகச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் இன்று உங்களிடம் சற்று ஆறுதலாகச் சொல்ல விரும்புகிறேன்.

மலையைப் பற்றி நாம் புதிதாக விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. 2243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையைத் தமிழ் இலக்கியம் மிகப் பழைய காலத்திலேயே அறிந்திருக்கிறது. இரத்தினத் தீவத்திலே சமந்தம் என்னும் மலையின் உச்சியில் அறவோனின் அடியிணை இருக்கிறது என்று மணிமேகலை சொல்கிறது. அடி புத்தருடையதா, சிவனுடையதா, ஆதமுடையதா என்று ஏறுகிறவர்கள் ஒருவரோடொருவர் சண்டை பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மூச்சு வாங்குவதற்கே நேரம் போதாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த மலைக்கு வந்த வெளிநாட்டு யாத்திரிகர்களிலே எனக்கு மிகவும் பிடித்தவர் இபின் பதூதா. மொரோக்கோ நாட்டவர், 1344 இல் வந்தார். அவரை இங்கு அனுப்பி வைத்தவர் ஒரு தமிழ் மன்னர் என்பதை நம் மாணவர்களிற் பலர் அறியார். கரையிறங்கிய இபின் பதூதாவை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தி, உமக்கு என்ன வேண்டும் என்று கேட்க, ஆதமின் பாதத்தைத் தரிசிப்பது ஒன்றே தம் விருப்பம் என்றாராம். மன்னர் பல்லக்கும் கொடுத்து, ஆண்டுதோறும் மலைக்குப் போய்வரும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், தம்முடைய ஆட்கள் பத்துப்பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று துணையும் அனுப்பினார். ஒரு முஸ்லிம் யாத்திரிகர், சைவ மன்னர் தந்த பல்லக்கில், யோகிகள் வழிகாட்ட, பௌத்தர் போற்றும் மலைக்குப் போகிறார்! பாறையிலே பிடித்து ஏறுவதற்கு இருந்த சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். காட்டு அட்டைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். சங்கிலி இருந்த இடங்களிலே இன்று படிக்கட்டும் கைபிடியும் வந்துவிட்டன. அட்டை மட்டும் அன்று போலவே இருக்கிறது.

மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசி விசாகம் வரை யாத்திரைக் காலம். அட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாக வருகிறவர்கள் ஏறத் தொடங்கும் இடத்தைப் படங்களில் டல்ஹவுசி என்று குறித்திருப்பார்கள். டல்ஹவுசி பிரபு இந்தியாவை ஆண்ட ஆங்கிலத் தேசாதிபதி. நம் மக்கள் வைத்த பெயரோ நல்லதண்ணி. காடு வெட்ட வந்தவனுக்கு முதலிலே தேவைப்பட்டது குடிக்கத் தண்ணீர். அது கிடைத்த இடத்துக்கு அதையே பெயராக்கினான். பஸ்ஸின் நெற்றியிலே இன்றும் நல்லதண்ணி என்றுதான் எழுதியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமை உண்டு.

தோட்டங்களின் கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை, பலமுறை கேட்டிருப்பீர்கள். கோப்பிக்காகக் காடழிந்தது. 1869 இல் கண்டுபிடிக்கப்பட்ட இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்தது. தேயிலை வந்தது. 1884 இல் அட்டனுக்குக் கோச்சி வந்தது. ஸ்கொத்லாந்து ஊர்களின் பெயர்கள் எல்லாம் இங்கே மலைமலையாக வந்து உட்கார்ந்தன. மோரே, கார்ட்மோர் என்று நீர்வீழ்ச்சிகளுக்குக் கூட அந்தப் பெயர்களே.

இப்பகுதிக்கு வருகிற வெள்ளைக்காரப் பயணிகள் தவறாமற் பார்க்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் 1878 ஆம் ஆண்டு வோர்லி தேவாலயம். மற்றது, பொகவந்தலாவையிலே உள்ள ஒரு கல்லறை. யூலியா மார்கிரெட் கமெரோன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் 1879 இல் இறந்து அங்கே அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் இருந்தபோது டென்னிசன், டார்வின் போன்ற பேர்பெற்றவர்களைப் படம் பிடித்தவர். இலங்கைக்கு வந்தபின் இங்கிருந்த கூலித் தொழிலாளரையும் சிலவற்றிலே படம் பிடித்தார். டென்னிசன் படத்துக்குக் கீழே டென்னிசன் என்று பெயர் இருக்கிறது. இலங்கைப் படங்களிற் பெரும்பாலானவற்றில் நிற்பவருக்குப் பெயர் இல்லை. அந்தக் கல்லறைக்கு மலர் வைக்க வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர் பெரிய கலைஞர். ஆனால் அந்தப் படங்களில் நம்மை நேரே பார்த்துக்கொண்டிருக்கும் முகங்களை நினைத்தால் எனக்கு அமைதி கெட்டுவிடும்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

மஸ்கெலியாவில் இன்று நீங்கள் பஸ்ஸால் இறங்கும் நகரம் பழைய மஸ்கெலியா அன்று. பழைய நகரம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியிலே இருக்கிறது. மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர என்ற சிங்களப் பொறியியலாளர் 1918 இலேயே இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் விளக்கியிருந்தார். ஆங்கில அரசு அவசரப்படவில்லை. 1950 இல்தான் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965 இல் காசல்ரீ அணை. அதையடுத்து, அறுபதுகளின் கடைசியில், மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாக்கலை அணை. இங்கே தேங்கும் நீர் கெனியன், புதிய லக்சபான, பொல்பிட்டி என்று ஒவ்வொரு மின்நிலையமாகச் சுழலிகளைச் சுற்றிவிட்டுத்தான் களனி கங்கையோடு கொழும்பைப் பார்க்கப் போகிறது.

அணை வந்தபோது கடைவீதி, வீடுகள், கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் நீருக்குள் போயின. மக்கள் மேட்டுக்கு ஏறிப் புதிய நகரத்தில் குடியேறினார்கள். என் அப்பாயி அந்தப் பழைய நகரத்திலே புழங்கியவர். "சம்பளச் சனிக்கிழமை வந்தா டவுன்ல நடக்க எடம் இருக்காது தம்பி" என்பார். ஒரு புடவைக்கடையிலே கடனுக்குச் சேலை எடுத்த கதை, ஒரு காக்கா கடையில் கருவாட்டு வாளிக்குள் பேரப்பிள்ளை கை விட்ட கதை, கோயில் தேர் ஆற்றுப்பக்கம் வந்து திரும்பிய கதை என்று ஓயாமற் சொல்லுவார். தண்ணீர் நிறைந்த அன்று யாரும் வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "ஏன் போகல? பெரட்டுக்குப் போகாட்டிப் பேர் விழாதே" என்றார். மலையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டே, கீழே தண்ணீர் நாளுக்கு நாள் ஏறுவதைப் பார்த்தார்களாம்.

அதே காலத்தில் வேறொரு வெள்ளமும் ஏறிக்கொண்டிருந்ததை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே மஸ்கெலியாத் தொகுதி, இலங்கை இந்தியர் காங்கிரஸைச் சேர்ந்த ஜி. ஆர். மோத்தாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அக்கட்சியின் சார்பிலே வென்ற எழுவரில் அவர் ஒருவர். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. பின்னர் 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று இரு நாட்டுத் தலைவர்களும் கையெழுத்திட்டார்கள். ஆக, நகரம் நீரில் மூழ்கிய காலத்தில், அந்நகரத்தில் சாமான் வாங்கியவர்களிற் பலர் எந்த நாட்டுக்காரர் என்பதும் தீர்மானமாகாமல் இருந்தது. இருக்கப் போகிறோமா, தலைமன்னாருக்குக் கோச்சி ஏறப் போகிறோமா என்று தெரியாதவன், கடைவீதி போய்விட்டதே என்று யாரிடம் போய் முறையிடுவான்? பழைய மஸ்கெலியாவுக்கு ஒப்பாரி பாட ஆள் இல்லாமற் போனதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அணையிலிருந்து பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருந்த எங்கள் லயத்தில் நான் மேல்வகுப்பு வரும்வரை குப்பிலாம்பு வெளிச்சத்தில்தான் படித்தேன். அணைக்கட்டில் இரவெல்லாம் விளக்கு எரியும். அதைப் பார்த்துக்கொண்டு பாடம் செய்வோம்.

பஸ் நிலையத்தில் அந்த டேர்பன் அம்மையாரிடம் பழைய நகரம் நீருக்குள் இருப்பதை மட்டும் சொன்னேன். அவர் சட்டென்று, "எங்கள் ஊரிலும் ஒரு கோயிலை ஆறு கொண்டுபோனது" என்றார். பிறகு நானும் அதைத் தேடிப் படித்தேன். 1860 நவம்பர் 16 இல் சென்னையிலிருந்து துரூரோ என்ற கப்பல் 342 பேருடன் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை இவ்வாறு கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் தமிழர்கள் உம்பிலோ ஆற்றங்கரையிலே 1875 அளவில் அம்பலவாணருக்கு ஒரு கோயில் எழுப்பினார்கள். 1905 இல் வந்த வெள்ளம் அதை அழித்தது. தப்பிய கதவுகளை எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1947 இல் கேட்டோ மேனர் என்ற பகுதியிலே புதுக் கோயில் கட்டியபோது அந்தப் பழைய கதவுகளையே அதற்கு மாட்டினார்கள். பின்னர் நிறவெறி அரசின் சட்டத்தினால் அப்பகுதி இந்தியர்கள் குடியெழுப்பப்பட்டார்கள், கோயில் நின்றது. 1980 இல் அது தேசிய நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. ஈஸ்டர் நாட்களில் அங்கே தீமிதி பார்க்க ஊரே திரளுமாம்.

டேர்பனுக்கு வருகிறவர்களுக்கு நீங்கள் எதைக் காட்டுவீர்கள் என்று அவரிடம் கேட்டேன். எல்லோரும் முதலில் கேட்பது கடற்கரையைத்தான் என்றார். தாம் சிறுமியாக இருந்தபோது அந்தக் கடற்கரையின் நல்ல பகுதியில் தம் குடும்பம் கால் வைக்க முடியாது என்பதையும், எண்பதுகளின் முடிவில்தான் அது எல்லோருக்கும் திறந்தது என்பதையும் விருந்தினரிடம் சேர்த்தே சொல்வாராம். அடுத்து மசாலாச் சந்தை. அதன்பின் கோயிலுக்கு அழைத்துப்போய் அந்தக் கதவைத் தொட்டுப் பார்க்கச் சொல்வாராம். தம் பூட்டனாரின் ஒப்பந்த எண்ணையும் மனப்பாடமாகச் சொன்னார். கப்பல் பதிவேட்டிலே பெயர், தந்தை பெயர், ஊர் எல்லாம் இருக்கின்றனவாம். நம்மவர்கள் கங்காணியின் பின்னால் மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்தவர்கள். அப்படி எல்லாரையும் ஒரே இடத்தில் எழுதிய ஏடு நமக்கு இல்லை. அவருக்குத் தமிழ் போய்விட்டது, ஏடு இருக்கிறது. எனக்குத் தமிழ் இருக்கிறது, ஏடு இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் சிறிது பொறாமையோடுதான் பார்த்திருப்போம்.

நம்மவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமன்று. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்திலே ஒரு லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி 2007 இல் திறந்தார்கள். 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் முன்னோர் வந்த வழியை நடந்தே நினைவுகூர்ந்தார்கள். ஆனால் மஸ்கெலியாவிலே, மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையின் எச்சங்களும் சேற்றிலிருந்து தலைநீட்டுகின்றன. செய்தி பரவி, வான்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் ஆட்கள் வருகிறார்கள்; படம் பிடிக்கிறார்கள்; போகிறார்கள். மழை பெய்ததும் அவை மறைந்துவிடுகின்றன. மற்ற நாட்களில் கரையோரம் நிற்கிறவனுக்கு அது ஓர் அழகான ஏரி. இந்த நீருக்குள் ஒரு நகரம் இருக்கிறது, இன்னின்ன இடத்தில் இன்னின்னது இருந்தது என்று மூன்று மொழியிலும் எழுதிய ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்? பழைய நகரத்தில் நடந்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். பலகை எழுதுவதற்கு அவர்களைத்தான் கேட்கவேண்டும்; அதற்கும் அதிக நாள் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு வறட்சியில் மாணவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். வெடித்த சேற்று நிலம், உடைந்த சுவர்கள், கோயிலின் முன்னால் யாரோ கற்பூரம் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு முதியவர் கைத்தடியோடு தனியாக நடந்துகொண்டிருந்தார். "ஐயா, எதைத் தேடுறீங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். தகப்பனாரின் சலூன் இருந்த இடத்தைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். கோயில் வாசலிலிருந்து அடியெண்ணிக்கொண்டே நடந்து, ஓர் இடத்தில் நின்றார். ஒன்றுமே இல்லாத வெறும் சேறு. கைத்தடியால் அதிலே ஒரு சதுரம் கீறி, "இது கதவு. இங்கதான் கண்ணாடி" என்றார். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கதவென்று அவர் காட்டிய இடத்தால் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.